லகாட்: ஈயம் விட்டுச்சென்ற நிலமும் மக்களும்

ஈப்போ நகரைப் பற்றி எழுதப்புகுவோர், 1917இல் கட்டி முடிக்கப்பெற்ற அதன் புகைவண்டி நிலையத்தையும் சுண்ணாம்புக் குகைக் கோயில்களையும் சொல்லி அமைவதே பெருவழக்கு. 1988ஆம் ஆண்டு மாநகரத் தகுதி பெற்ற அவ்வூரை அறிய, அதன் தென்மேற்கே செல்லும் பழைய சாலையே நல்ல நுழைவாயில் என நாம் கருதுகின்றோம். நிலக்கடலைக்குப் பெயர்பெற்ற மெங்லெம்புவைக் கடந்து அச்சாலை லகாட்டை அடைகின்றது.

லகாட்டின் இயல்பை அதன் மண்ணே தீர்மானித்தது. கிந்தா பள்ளத்தாக்கின் மேற்கே கருங்கற்பாறையாலான கிளெடாங் மலைத்தொடரும், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் அரண்போல் நிற்கின்றன. இடைப்பட்ட தரையின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துவந்த ஈயமணல். கிளெடாங் அடிவாரத்தில் அமைந்த லகாட்டில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளேயே குழாய்போல் இறங்கிய ஓர் ஈயப்படிவு இருந்தது. நிலவியலாளர் ஸ்கிரிவெனர் 1909இல் இலண்டன் நிலவியற் கழக இதழில் அதனைப் பற்றி எழுதினார். ஈயலம்பங்கள் மறைந்தபின் அவை தோண்டிய பள்ளங்கள் நீர்நிலைகளாயின. புதியவர்கள் அவற்றை இயற்கையான ஏரிகள் என்றே எண்ணுவர்.

ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கனமணலை இங்குள்ளோர் அமாங் என்பர். அதிலுள்ள மோனசைட்டு என்னும் கனிமத்தில் அரிய மண் தனிமங்களோடு கதிரியக்கமுடைய தோரியமும் கலந்திருக்கும். இம்மோனசைட்டைப் பதப்படுத்தும் பொருட்டு லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்தின் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. கழிவை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு முறையான விடை காணப்படாமலேயே உற்பத்தி தொடங்கிற்று என்பது நம் கருத்து. கழிவுக் கிடங்கு அமைக்க முற்பட்ட பாப்பான் ஊரில் 1984இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1985இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர் எண்மர் வழக்குத் தொடுத்தனர். 1992 சூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பெற்றது. வழக்கில் தோற்றவர்கள் தம் நோக்கத்தில் வென்றனர் எனலாம். ஆனால் கழிவு எங்கும் போகவில்லை. அது கிளெடாங் மலைப்பகுதியிலேயே புதைக்கப்பெற்றுள்ளது.

புக்கிட் மேரா சீனர் மிகுந்த புதுக்கிராமம். இவ்வட்டாரத் தமிழரின் வரலாறோ பெரிதும் இரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்தது. பத்து காஜாவுக்கு அண்மையில் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத்தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட மாளிகையைக் காண இன்றும் பலர் வருகின்றனர். அதன் அருகே மாரியம்மன் கோயில் ஒன்றுண்டு. மாளிகைப் பணியில் ஈடுபட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் கொள்ளைநோய்க்கு ஆளானபோது, அவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க அவர் அதனைக் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. கோயிலின்மேல் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர் உடையிலுள்ள சிலை அவரையே குறிக்கும் என்பர். நோய் தீர்க்கும் தாயின் கோயிலில் துரைக்கும் இடமளித்த அம்மக்களின் மனநிலை தனி ஆய்வுக்குரியது. ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாய் நின்றுபோக, கோயிலில் விளக்கெரிகின்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டும் மறைந்தபோது, வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நகரோரங்களை நாடின. தோட்ட வீடு தொழிலாளிக்கு உரியதாயில்லை என்பதே அவர்தம் இடர்ப்பாட்டின் வேர். ஈப்போவில் தமிழர் செறிந்து வாழும் புந்தோங்கில் வேறொரு வரலாறும் உண்டு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் செய்து விற்றே அங்கு வேரூன்றின. அவர்களின் குடியிருப்பைக் 'கச்சாங் பூத்தே' கிராமம் என்றே மலாய்க்காரரும் சீனரும் அழைக்கின்றனர். சீனரின் மெங்லெம்புக் கடலையும் தமிழரின் புந்தோங் கடலையும் ஒரே சாலைவழியில் விற்பனையாகின்றன என்பதை இங்குக் குறிக்கலாம்.

தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டு, குனோங் சீரோ அடிவாரத்திலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை அடைகின்றன. ஈயமணலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் அதே சுண்ணாம்புப் பாறை, அங்கே மலையாய் உயர்ந்து முருகனுக்குக் குடைபிடித்து நிற்கின்றது.