கணினி நிரலில் பிரிவு முறை

சப்பிரகமுவ மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் நிருவாக முறையை இரத்தினபுரி, கேகாலை மாவட்ட நேயர்கள் நன்கு அறிவர். தோட்டம் ஒன்றே, ஆயினும் அது மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு எனப் பலவாக வகுக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் அவரவர் பிரிவின் பிரட்டுக்களத்திற்கே செல்வர். பெயர் பதிவதும் வேலை பகிர்வதும் அங்கேயே நடைபெறும். அனைவரும் பெரிய துரையின் காரியாலய வாயிலில் கூடி நின்றால், பொழுது சாய்ந்தாலும் ஒரு கூடைக் கொழுந்து சேராது.

கணினி நிரல் எழுதுவோர்க்கும் இம்முறை வேண்டியதாகின்றது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி முன்னர்ப் பெரும்பாலும் இணையப் பக்கத்தைப் பார்ப்பவரின் கணினியிலேயே இயங்கி வந்தது. 2009ஆம் ஆண்டில் ரையன் டால் வெளியிட்ட ‘நோட்’ என்னும் அமைப்பு, அதனைச் சேவையகத்தில் இயக்கும் வழக்கத்தைப் பரப்பியது. சேவையகமாவது, தொலைவிலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்று விடை அனுப்பும் கணினி. இன்ன முகவரிக்கு வரும் கோரிக்கைக்கு நிரலின் இன்ன பகுதி விடையளிக்கும் என்னும் விதியே ‘வழி’ எனப்படும். இவ்வழிகளை எளிதில் அமைப்பதற்கென 2010ஆம் ஆண்டில் ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் துணைக்கருவி தோன்றியது.

தோட்டம் ஒன்றின் கணக்குகளுக்காக ஒரு நிரல் எழுதப்படுவதாகக் கொள்வோம். கொழுந்து நிறை, இறப்பர்ப் பால், சம்பளம், லயத்துப் பழுது என நான்கைந்து வழிகளே இருக்கும்போது, அவற்றை ஒரே கோப்பில் எழுதுவதில் குறையில்லை. அவை நூறாகப் பெருகும்போதே தொல்லை தொடங்குகின்றது. சம்பள விதியைத் தேடுபவர் கொழுந்து விதிகளுக்கிடையே அலைவார். இருவர் ஒரே கோப்பைத் திருத்தினால், ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் அழித்துவிடவும் கூடும்.

இதற்குப் பரிகாரமாக, 2014ஆம் ஆண்டில் வெளியான எக்ஸ்பிரஸின் நான்காம் பதிப்பு ‘ரவுட்டர்’ என்னும் தனி அமைப்பைத் தந்தது. சம்பளம் பற்றிய வழிகள் அனைத்தும் ஒரு கோப்பில், ஒரு ரவுட்டரின் கீழ் அமையும். தலைமைக் கோப்பில் ஒரே வரிதான்: ‘சம்பளம்’ என்று தொடங்கும் முகவரிகளையெல்லாம் இந்த ரவுட்டரிடம் ஒப்படை என்பது. பிரிவுக் கோப்பினுள் அச்சொல்லை மீண்டும் எழுத வேண்டியதில்லை. பின்னர் முகவரியின் தொடக்கத்தை மாற்ற நேர்ந்தாலும், தலைமைக் கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

இதனினும் பெரிய பயன் காவலாகும். ஒரு தொழிலாளியின் சம்பள விவரத்தைப் பிறர் பார்த்தல் தகாது. நூறு வழிகளிலும் தனித்தனியே காவல் வைத்தால், ஏதேனும் ஒன்றில் மறதி நேரும். அந்த ஒன்றே எல்லார்க்கும் திறந்த கதவாகிவிடும். சம்பளப் பிரிவின் முகப்பில், ஏனைய வழிகளுக்கு முன்பாக, ஒரே காவல் வைத்தாலோ, பின்னர்ச் சேர்க்கப்படும் வழியும் அக்காவலைக் கடந்தே வரவேண்டும்.

வரிசையிலும் கவனம் வேண்டும். கோரிக்கை மேலிருந்து கீழாகவே ஒப்பிடப்படும். ‘தொழிலாளி’ என்ற சொல்லை அடுத்து எந்த எண் வந்தாலும் ஏற்கும் பொதுவழி முதலில் இருந்தால், ‘புதியவர்’ என்னும் சிறப்பு வழிக்கு வந்த கோரிக்கையையும் அதுவே ஏற்று, அச்சொல்லை எண்ணாகக் கொண்டு தடுமாறும். ஆகவே சிறப்பு வழி முன்னும், பொதுவழி பின்னும் நிற்றல் வேண்டும்.

அளவுக்கு மீறிப் பிரிப்பதும் பயன் தராது. வழிக்கொரு கோப்பு வைப்பது, தொழிலாளிக்கொரு கணக்கப்பிள்ளையை நியமிப்பது போலாகும். ஒரே அலுவலைச் சேர்ந்தவை ஓரிடத்தில் இருப்பதே முறை. நிரலை இன்று எழுதியவர் நாளை வேறு பணிக்குச் செல்லலாம். அடுத்து வருபவர் எதனை எங்கே தேடுவது என்று உடனே அறிவாராயின், தொழிலாளியின் கணக்கும் பிழையின்றிப் பாதுகாப்பாக இருக்கும்.