தேயிலைத் தோட்டத்தில் பத்து ஆண்டு: மலேசியாவில் நிரந்தரமாகத் தங்க முடியுமா?

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். சமமான பாத்திகளில், செடி வரிசைக்கு இருபுறமும் பக்கத்துக்கொருவர் நின்று மோட்டார் வெட்டியைப் பிடித்து நகர, பின்னால் கட்டிய நீளப் பை கொழுந்தால் உப்புகிறது. சரிவு செங்குத்தான இடங்களில், பெட்டி பொருத்திய கத்தரியோடு ஒருவர் தனியாக ஏறுகிறார். ஒரு காலத்தில் இந்த வேலை பெரும்பாலும் தமிழர் கையில் இருந்தது.

‘பத்து வருஷம் ஒழுங்கா வேலை பாத்தா பி.ஆர். கிடைச்சிரும்’ என்று சொல்லி ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் உண்டு. பி.ஆர். என்றால் நிரந்தர வசிப்புரிமை. இந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்டுமுன், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது எந்தப் பெர்மிட்?

தோட்டம், விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை ஆகிய துறைகளில் உடலுழைப்புக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தரப்படுவது ‘பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமெந்தாரா’. தற்காலிக வேலைக்கான வருகை அனுமதி என்று பொருள். பேச்சு வழக்கில் வெறும் ‘பெர்மிட்’. நாட்டுக்குள் வரும்போது வயது 18 முதல் 45க்குள் இருக்க வேண்டும். பெர்மிட் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். மொத்தக் காலம் பொதுவாகப் பத்து ஆண்டு. அரசு சில சமயம் தனி அறிவிப்பில் அதை நீட்டுவதுண்டு.

விண்ணப்பிப்பவர் முதலாளி. அவருக்கு அரசு ஒதுக்கிய எண்ணிக்கைக்குள்தான் ஆள் எடுக்கலாம். அனுமதிக் கடிதம் வந்தபின் தொழிலாளி தன் நாட்டிலேயே விசா எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். இறங்கியதும் ‘ஃபொமெமா’ மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாதவர் திரும்ப வேண்டியதுதான். தீபகற்ப மலேசியாவில் தோட்டத் துறைக்கு வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட் ‘லேவி’ வரி என்று 2016இல் முடிவானது. 2018 ஜனவரி முதல் அதை முதலாளியே கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

பெர்மிட் ஒரே முதலாளியோடும் ஒரே துறையோடும் கட்டப்பட்டது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், கீழே தக்காளித் தோட்டத்தில் கூலி அதிகம் என்று தன் இஷ்டத்துக்குப் போனால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். குடும்பத்தை அழைத்துவர முடியாது. பெர்மிட் காலத்தில் மலேசியாவில் திருமணம் செய்யவும் தடை.

பத்து ஆண்டு ஏன் கணக்கில் வராது?

மலேசியக் குடியுரிமை கோருபவர், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 ஆண்டில் 10 ஆண்டு நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு. பி.ஆருக்கென்று ஏஜெண்டு சொல்லும் ‘பத்து வருஷம்’ குடியுரிமைக்கான இந்த விதியிலிருந்துதான் வந்திருக்கக்கூடும். ஆனால் அதே அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, குடிநுழைவுச் சட்டப்படி ‘பாஸ்’ பெற்றுத் தற்காலிகமாகத் தங்கிய காலம், அமைச்சர் ஒப்புதல் தந்தாலொழிய, வசிப்பாகக் கொள்ளப்படாது என்கிறது. பத்து ஆண்டு கொழுந்து வெட்டியவரின் வசிப்புக் கணக்கு சட்டத்தின் பார்வையில் பொதுவாகப் பூஜ்யம்.

அப்படியானால் நீண்டகாலம் தங்குபவர்கள் யார்?

பட்டமும் பெரிய சம்பளமும் உள்ள நிபுணருக்கு ‘எம்ப்ளாய்மெண்ட் பாஸ்’ உண்டு. அது பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். சம்பள வரம்பை எட்டினால் குடும்பத்தையும் கூட வைத்துக்கொள்ளலாம். அவர்களில் மேல்தட்டுக்கு 2011இல் வந்த பத்தாண்டு வசிப்பு அனுமதி இருக்கிறது. அதை வைத்திருப்பவர் முதலாளியை மாற்றினாலும் அனுமதி போகாது. பணம் உள்ளவருக்கு ‘மலேசியா என் இரண்டாவது இல்லம்’ திட்டம். அதன் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். கேமரன் மலையின் குளிரை விரும்பி நெடுநாள் தங்கும் ஜப்பானிய ஓய்வூதியர்கள் உண்டு. அவர்கள் நடைபயிலும் அதே மலையில் கொழுந்து வெட்டுகிறவருக்கு இந்த வழிகளில் ஒன்றுகூடத் திறக்காது.

முன்பு வந்த தமிழர்கள் எப்படித் தங்கினார்கள்?

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து மலாயா வர விசாவே தேவைப்படவில்லை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டினார். 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த நிதியில் கப்பல் செலவைக் கொடுத்தது. உதவிபெற்றுச் செல்லும் இந்தக் குடிபெயர்வை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. வந்தவர்கள் லயத்தில் குடியிருந்து பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 1957இல் நாடு விடுதலை அடைந்தபோது, வசித்த ஆண்டுகளைக் காட்டிக் குடியுரிமை கேட்க வழி இருந்தது.

அப்போது மனுப் போடாமல் விட்டவர்கள் பின்னால் விலை கொடுத்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் கட்டாயம் என்றானது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு தோட்டத்தில் உழைத்தவர்கள் உட்பட ஏறத்தாழ 60,000 இந்தியர் ஊர் திரும்பினர். தாள் இல்லாத ஆண்டுகளுக்கு மதிப்பு இல்லை என்பதை இந்த மலைநாட்டுத் தமிழர்கள் அன்றே கண்டுவிட்டார்கள்.

வருகிறவருக்கு என்ன உரிமை உண்டு?

தங்கும் உரிமை இல்லாவிட்டாலும் சம்பள உரிமை உண்டு. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது; வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் அதுவே பொருந்தும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் ‘சொக்சோ’ காப்புறுதி 2019 முதல் வெளிநாட்டவருக்கும் உண்டு. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். புகாரை மலேசியத் தொழிலாளர் துறையில் கொடுக்கலாம்.

புறப்படுமுன்

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் தங்கலாம். ‘முதல்ல டூரிஸ்டா போ, பெர்மிட்டை அங்க போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். சுற்றுலாவாக வந்து வேலை செய்வது குற்றம். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதமோ ஐந்து ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விழும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை முத்திரை இருக்கும். அவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ வழியாக அனுமதி பெற வேண்டும். பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும்தான்.

சில ஆண்டு உழைத்து, சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பும் திட்டம் இருந்தால் இந்தப் பெர்மிட் உதவும். குடும்பத்தோடு குடியேறும் கனவுக்கு இதில் இடமில்லை. அந்தக் கனவை விற்கும் ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.