குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு உறக்கமே கிடையாது. குமுளி மலைப்பாதையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஒரு பக்கம். விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மறுபக்கம். நெஞ்சுவலி, வீசிங், ரத்தக் கொதிப்பு என்று மருத்துவமனைக்கு வருகிறவர்களும் இந்தக் குளிர் மாதங்களில்தான் அதிகம். அவர்களில் பலர் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்து, தைலம் தேய்த்து, மருந்துக் கடையில் ‘ஒரு வேளை மாத்திரை’ வாங்கிப் போட்டு, பாதி நாளைத் தொலைத்த பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள்.

விடியற்காலையில் நெஞ்சு படும் பாடு

உடலின் 37 டிகிரி வெப்பத்தைக் காக்க, குளிர் பட்டதும் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. சிறுநீர் அடிக்கடி பிரிந்தாலும் தாகம் தெரிவதில்லை, ரத்தம் கெட்டியாகிறது. இந்த நிலையில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டு, வண்டிப்பெரியார், சத்திரம், புல்மேடு வழியாகவோ பம்பையிலிருந்தோ மலையேறினால், ஏற்கெனவே அடைப்புள்ள இதயம் என்ன செய்யும்? நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் கேரள அரசு இதய சிகிச்சை மையங்களை நடத்துவது சும்மா இல்லை.

விரதம் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவதுதான் மருத்துவர்களை அதிகம் கோபப்படுத்துகிறது. மாத்திரை விழுங்கினால் விரதம் முறியாது.

‘ஒரு பெக் போட்டா சூடு ஏறும்’

ஏறாது, இறங்கும். மது, சுருங்கிய ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. தோல் கதகதக்கும், உள்ளே இருந்த வெப்பமோ வெளியேறிக்கொண்டிருக்கும். குடித்துவிட்டுத் திறந்த ஜீப்பில் வருகிறவருக்கு உடல் 35 டிகிரிக்குக் கீழே போனாலும் உறைக்காது. பேச்சு குழறுவதைப் போதை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று பொருளல்ல. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

கங்கும் கற்பூரமும்

குளிருக்கு இதமாகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுப்பது தற்கொலைக்குச் சமம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானலில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் கற்பூரத் தைலம் தடவுவது இன்னொன்று. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துவதே அதற்கு மருந்து. முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரை நோயாளிகள் மரத்த காலை நெருப்பில் காட்டி, சுட்டதே தெரியாமல் புண்ணோடு வருவதும் உண்டு.

இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா?

ஆகாது. குளிர்ந்த காற்று ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயை இறுக்கும். இன்ஹேலர் மருந்து மிகக் குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதற்குப் பயந்து, கடையில் பெயர் தெரியாத ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் எலும்பையும் கண்ணையும் விலையாகக் கொடுக்கிறார்கள். சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்பதும் வீண். பெரும்பாலான சளி வைரஸால் வருவது.

மருத்துவரிடம் வந்தால் செய்யும் சோதனைகளும் அதிகமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி, தேவைப்பட்டால் மூச்சுத்திறன் சோதனை: இவ்வளவுதான்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

மாலை போடும் முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் பாருங்கள். வெந்நீரில் குளித்தால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். தோட்டத்துக்குப் போகிறவர்கள் காதையும் தலையையும் மூடிக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், பனியில் நனைந்த சட்டையோடு ஜீப்பில் திரும்பாதீர்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

நெஞ்சு அழுத்தி, இடது கையோ தாடையோ வலித்து, வியர்த்தால் சோடாக் கடையைத் தேடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். கம்பம் அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது, மேல்சிகிச்சைக்குக் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள்.