சின்னச் சொல் மாற்றிவிடும் பொருள்

"லுக்" என்றால் பார். பாடசாலைப் பக்கம் போகாத பெண்களுக்குக்கூட இது தெரியும். "ஆஃப்டர்" என்றால் பிறகு. ஆனால் "லுக் ஆஃப்டர்" என்று சேர்த்துச் சொன்னால் 'பிறகு பார்' என்று பொருளல்ல. 'கவனித்துக்கொள், பராமரி' என்று பொருள். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சின்னச் சொற்கள்தான் எம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. கடினமான பெரிய சொல் என்றால் யாரிடமாவது கேட்போம். சின்னச் சொல் தெரிந்த சொல்லாக இருப்பதால் கேட்காமலே விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நான் சமூகப் பணியாளராக வேலை செய்யும் புல்மோட்டையில் ஆங்கிலம் புதியதல்ல. இங்குள்ள கரைமணலில் கலந்திருக்கும் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்களுக்காக 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட காலத்திலிருந்தே ஆங்கிலப் படிவங்களும் வந்துவிட்டன. 2004 சுனாமிக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கப்பலில் கொண்டுவரப்பட்ட காயக்காரருக்காக இந்திய மருத்துவக் குழுவொன்று இங்கே வெளிக்கள வைத்தியசாலை நடத்தியது. இன்று வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு போய்வரும் பெண்கள் மூலமும் ஆங்கிலம் வருகிறது. இவற்றில் எதையும் நாம் விரும்பி வரவழைக்கவில்லை என்பது வேறு விடயம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் வாரம் ஒருமுறை நாங்கள் கூடுவது முதலில் படிவம் நிரப்புவதற்காகத்தான். முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் வருவார்கள். 1984 இல் இடம்பெயர்ந்து போருக்குப் பின் திரும்பிய தென்னமரவாடிப் பக்கத்திலிருந்தும் சிலர் வருவதுண்டு. கணவனை இழந்தவர்கள், கணவன் எங்கேயென்று தெரியாதவர்கள், பிள்ளையைத் தேடுபவர்கள் எனப் பலர். கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். உள்ளே பத்து, பதினைந்து வருடக் கடிதங்கள் இருக்கும்.

அப்படி ஒரு பையிலிருந்து வந்த கடிதம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. மகனைத் தேடும் ஓர் அம்மா, தான் கொடுத்த முறைப்பாட்டுக்குக் கிடைத்த ஆங்கிலப் பதிலைக் கொண்டுவந்திருந்தார். அதில் முக்கியமான வசனம் ஒன்றே ஒன்று: "வி ஆர் லுக்கிங் இன்டு இட்." பக்கத்து வீட்டுப் பிள்ளை அகராதியை வைத்து, லுக் என்றால் பார், இன்டு என்றால் உள்ளே, ஆகவே 'உள்ளே பார்க்கிறோம்' என்று வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளையில் பிழை இல்லை, அகராதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எமது பேச்சில் 'உள்ளே' என்றால் சிறை. மகன் ஏதோ ஒரு சிறையில் உயிரோடு இருக்கிறான், அங்கே போய்ப் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மா ஐந்து மாதமாக நம்பியிருந்தார். அவனுக்கென்று சாரமும் சேர்ட்டும் வாங்கி வைத்திருந்தார்.

"லுக் இன்டு" என்றால் ஒரு விடயத்தை விசாரித்துப் பார்த்தல், ஆராய்தல். ஆளைத் தேடுவதற்கு "லுக் ஃபோர்" என்ற வேறு சொல் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப அவங்க தேடல்லையா மிஸ்?"

"தேடுறம் எண்டு இதில எழுதல்ல அம்மா. உங்கட முறைப்பாட்ட விசாரிக்கிறம் எண்டுதான் எழுதியிருக்கு."

"கடைசியில இருக்கிற 'இட்' எண்டா என்ன?"

"அது."

"என்ட புள்ளையையா அது எண்டு எழுதியிருக்கு?"

இல்லை. 'இட்' என்பது இங்கே முறைப்பாட்டைக் குறிக்கிறது. மகனைக் குறிப்பதானால் "ஹிம்" வர வேண்டும். "வி ஆர் லுக்கிங் ஃபோர் ஹிம்" என்றால் அவனைத் தேடுகிறோம். இரண்டு வசனங்களும் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றில் ஒரு கோப்பு இருக்கிறது, மற்றதில் ஒரு மனிதன் இருக்கிறான். உயர்திணை, அஃறிணை படித்த எமக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவையில்லை. அந்த அம்மாவுக்கும் தேவைப்படவில்லை. அடுத்த கடிதத்தில் 'என் மகனைத் தேடுவதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அவரே சொன்னார். எழுதினோம்.

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதல்ல. 1755 இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், இவ்வாறான கூட்டு வினைகளே வெளிநாட்டவருக்கு மிகுந்த கஷ்டத்தைத் தருகின்றன என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். இன்று இவற்றைப் "பிரேசல் வேர்ப்" என்கிறார்கள்.

ஆனால் எமது தாய்மொழியை யோசித்துப் பாருங்கள். விடு, கொடு என்பவை இரண்டும் சாதாரணச் சொற்கள். 'விட்டுக்கொடு' என்றால்? காட்டு, கொடு என்பவை சேர்ந்து 'காட்டிக்கொடு' என்றானால் என்ன பொருள் என்று எமது பிரதேசத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'பார்' என்ற ஒரே சொல்லிலிருந்து பார்த்துக்கொள், எதிர்பார், வேவுபார், சரிபார் எல்லாம் வருகின்றன. 'காட்டிக்கொடு' என்பதை ஒரு வெள்ளைக்காரி அகராதியை வைத்துப் படித்தால், ஏதோ பொருளைக் காட்டிவிட்டுக் கையில் கொடுப்பது என்றுதான் நினைப்பாள். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஆங்கிலத்தின் மீதான பயம் கொஞ்சம் குறைந்ததைக் கண்டேன்.

அடுத்தது, 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற சுட்டுப் பெயர்கள் எங்கே வரும் என்பது. சில வினைகளில் அவை நடுவில்தான் வரும். லைற்றை அணை என்பதை "சுவிட்ச் ஓஃப் த லைற்" என்றும் சொல்லலாம், "சுவிட்ச் த லைற் ஓஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை அணை' என்றால் "சுவிட்ச் இட் ஓஃப்" மட்டுமே. "சுவிட்ச் ஓஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபோர்', 'லுக் இன்டு' போன்றவற்றில் அப்படி நடுவில் வராது, கடைசியில்தான் வரும். இதற்கு எளிதான சூத்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் 'இட்' அல்லது 'ஹிம்' சேர்த்தே பாடமாக்குவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

குவைத்தில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்த ஒரு ராத்தா எங்கள் வகுப்பில் இருக்கிறார். எழுதத் தெரியாது, ஆனால் காதால் கற்றவர். "புட்டிட்பேக்" என்பதை ஒரே சொல் என்றுதான் தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். "புட் இட் பேக்", எடுத்த இடத்தில் திரும்ப வை. "பிக்கிட்டப்", "டேக்கிட்டவுட்" எல்லாம் அப்படியே. நடுவில் வரும் 'இட்' பேச்சில் அழுத்தமில்லாமல் விழுங்கப்படுவதால் காதுக்கு ஒரே சொல்லாகவே கேட்கும். 'ஹிம்' என்பதிலுள்ள 'ஹ' கூடக் காணாமல் போய்விடும்; "லுக்காஃப்டரிம்" என்பதுபோலக் கேட்கும். ஆகவே விளங்காவிட்டால் அது எமது மூளையின் குறை அல்ல.

வெளிநாடு போகும் சகோதரிகள் முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது "கிவ் இட் பேக்", அதைத் திருப்பிக் கொடு. "ஹேண்ட் இட் ஓவர்" என்றால் அதை ஒப்படை. கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லும்போது இரண்டாவது சொல் வரும். அதைத் திரும்பக் கேட்பதற்கு முதலாவது சொல் வேண்டும். பணியாளரின் கடவுச்சீட்டை எசமானர் பறித்து வைத்திருப்பதை ஐக்கிய அரபு அமீரகம், கட்டார் ஆகிய நாடுகளின் சட்டங்கள்கூடத் தடைசெய்கின்றன. "பிளீஸ் கிவ் இட் பேக் டு மீ" என்ற வசனத்தை நாங்கள் வகுப்பில் பத்துத் தடவை சொல்லிப் பழகினோம். சட்டம் இருந்தும் எல்லா வீட்டிலும் அது வேலை செய்யாது என்று அந்த ராத்தா முகத்துக்கு நேரே சொன்னார். உண்மைதான். ஆனாலும் கேட்கும் சொல்லாவது கையில் இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரே.

கடிதங்களில் அடிக்கடி வரும் இன்னும் சில: "டேர்ன் டவுன்" என்றால் நிராகரித்தல். "புட் ஓஃப்" என்றால் பிற்போடுதல், "கோல் ஓஃப்" என்றால் முற்றாக இரத்துச் செய்தல். இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டால் நடக்காத கூட்டத்துக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் திருகோணமலைக்குப் போய்வர நேரிடும். "ஃபில் இட் இன்" என்றால் படிவத்தை நிரப்பு. "குரோஸ் இட் அவுட்" என்றால் அதை வெட்டிவிடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் பெறும் உரிமை எமக்கு அரசியலமைப்பில் இருக்கிறது. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியுமாகும். ஆகவே அரச அலுவலகமொன்றிலிருந்து ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கடிதம் வந்து விளங்காவிட்டால், வெட்கப்படாமல் தமிழில் பதில் தருமாறு கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். வந்த கடிதத்தின் திகதியையும் இலக்கத்தையும் மேலே குறிப்பிட்டு, அதன் போட்டோப் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலக் கடிதத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.