சாயத் தண்ணீரும் கடல் படிப்பும்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரச் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய் போட்டு வங்கக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற யோசனை 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் பலமாக அடிபட்டது. நொய்யல் கரை விவசாயிக்கு அது நல்ல வழியாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. கடல் ஏற்கெனவே உப்புத்தானே, சாய உப்பும் அங்கே போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படிப்பட்ட கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லத்தான் கடல் வளப் பாதுகாப்பு என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறது.

முதலில் உப்பின் கதை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் பிடித்த பிறகு உப்பு துணியில் தங்குவதில்லை, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பல ஆண்டுகள் அது நொய்யலில் விடப்பட்டது. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கென 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறியது. சுற்று வட்டாரக் கிணறுகள் உப்பாயின. பாசனத்துக்குக் கட்டிய அணையில் இந்தத் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டுதாரர்களே சொல்லும் நிலை வந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. பாதிக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004-ல் நிர்ணயமானது. பங்கு போட்டால் தலைக்கு 9,000 ரூபாய்கூடத் தேறாது. ஒரு கிணற்றை ஆழப்படுத்தக் காணுமா அது? 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது.

இனி கடலுக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே சாய உப்பு மட்டும் என்றால் கடலுக்கு அது பெரிய பாரமில்லை. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கழிவுநீரில் இருப்பது உப்பு மட்டுமல்ல. சாய நிறம் தண்ணீரில் வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் குறைந்தால் கடற்புல்லும் நுண்பாசியும் வளரா; அவற்றைத் தின்று வாழும் மீனும் குறையும். உலோகங்கள் இருந்தால் அவை சேற்றில் படிந்து நண்டு, மட்டி உடம்பில் ஏறும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதும் முக்கியம். இறால், மடவைக் குஞ்சுகள் வளரும் நாற்றங்கால் ஆற்றுக் கழிமுகம்தான். நாற்றங்காலில் கெட்ட தண்ணீர் பாய்ந்தால் நடவு என்னாகும் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரையோரம் சிறு படகில் வலை போடுகிறவருக்கு ஆழ்கடலுக்குப் போய்ப் பிடிக்க வசதியும் கிடையாது. நொய்யல்காரர் பட்ட பாட்டை அவர் படவேண்டியதாகிவிடும்.

கடல் படிப்பு மீனை மட்டும் எண்ணினால் போதாது, மனிதரையும் எண்ண வேண்டும் என்பதற்கு மன்னார் வளைகுடா சாட்சி. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம் என்கிறார்கள். 1986-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பாறைக்கு அது பாதுகாப்பு. ஆனால் தீவோரம் முங்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத் தொழில் இடம் சுருங்கியது. அவர்களுக்கு மாற்று என்ன, எந்த மாதம் எவ்வளவு பாசி எடுத்தால் மறுபடி தழைக்கும் என்பதெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் விளங்கும்.

இப்போது திருப்பூரில் கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப உபயோகிக்கிறார்கள். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குவது இன்னும் தீராத தலைவலி. செயற்கை இழைத் துணியைத் துவைக்கும்போது உதிரும் கண்ணுக்குத் தெரியாத நூல் துணுக்குகள் சாக்கடை, ஆறு வழியே கடல் சேர்வது புதிய கவலை. பாலியெஸ்டர் பின்னலாடைக்கும் திரும்பிவரும் ஊருக்கு இது அந்நியச் சங்கதி அல்ல.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் தூரம்தான். என்றாலும் கிணற்று நீரின் உப்பை நாக்கில் அறிந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிப்பு பிடிபடுவது கஷ்டமில்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டத்தில் சேரலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கப்பட்டது. 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனிப் பல்கலைக்கழகமே ஏற்பட்டுவிட்டது. அடுத்து இரண்டாண்டு முதுநிலையில் நீர்ச் சூழல் மேலாண்மை, மீன்வள விரிவாக்கம் போன்ற பிரிவுகள் உண்டு. விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளுக்கு வெள்ளாற்றுக் கழிமுகத்தில், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மீன்வளப் பல்கலைக்கழக விண்ணப்ப அறிவிப்பைக் கவனித்து வருவது நல்லது.