டிவியில் நிர்வாணம்: எது செய்தி, எது ஆபாசம்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

2017 ஏப்ரல் 10 அன்று, டெல்லியில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகே தமிழ்நாட்டு விவசாயிகள் சிலர் ஆடைகளைக் களைந்துவிட்டு ஓடினார்கள். செய்திச் சேனல்கள் அந்தக் காட்சியைக் காட்டின. "நம்ம சனத்தை இந்த நிலைமைக்கு விட்டுட்டாங்களே" என்று கலங்கியவர்களும், "மானம் போச்சு" என்று கோபப்பட்டவர்களும் காவிரி டெல்டாவில் உண்டு. டிவியில் இப்படி ஏதாவது தெரியும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள் இவை.

அந்த விவசாயிகள் ஏன் அந்த அளவுக்குப் போனார்கள்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, காவிரியிலும் போதிய தண்ணீர் வரவில்லை. சம்பா நெற்பயிர் கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக மாநில அரசு அறிவித்தது. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவற்றைக் கேட்டு, திருச்சி வழக்கறிஞர் அய்யாக்கண்ணு தலைமையிலான தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கத்தினர் மார்ச் 14 முதல் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடுகளை வைத்துப் பார்த்தார்கள், எலியைப் பல்லில் கவ்விப் பார்த்தார்கள். மனு கொடுக்க அழைத்துச் செல்லப்பட்ட நாளில் பிரதமரைப் பார்க்க முடியாமல் போகவே, ஆடையைக் களைந்தார்கள். 41-ஆம் நாள் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

அதை டிவியில் காட்டியது சரியா?

காட்டலாம், மறைத்துக் காட்ட வேண்டும். செய்திச் சேனல்கள் சங்கத்தின் நெறிமுறை, ஆணோ பெண்ணோ நிர்வாண உடலை மறைக்காமல் காட்டக்கூடாது என்கிறது. திரையில் கட்டம் கட்டமாக மங்கலடிப்பது இதற்காகத்தான். செய்தியை மூடுவது அதன் நோக்கம் அல்ல. உடல் மறைந்தாலும் கோரிக்கை கேட்க வேண்டும். ஆனால் ஓடிய சில நொடிகளை மட்டும் நாள் முழுக்கச் சுழற்றிவிட்டு, கருகிய பயிரைப் பற்றி ஒரு வரியும் சொல்லாத சேனல் இருந்தால், மங்கலடித்திருந்தாலும் அது செய்தி சொன்னதாகாது.

நிர்வாணம் என்றாலே ஆபாசம்தானே?

இல்லை. 'பாண்டிட் குயின்' படத்தில் பூலான்தேவியை ஊரார் முன் நிர்வாணப்படுத்தும் காட்சி குறித்த வழக்கில், பார்ப்பவர் மனதில் அது காமத்தைத் தூண்டவில்லை, கொடுமை செய்தவர்கள் மேல் அருவருப்பையே எழுப்புகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் கருதியது. 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி நின்ற படத்தைப் பத்திரிகை வெளியிட்டது பற்றிய வழக்கு அது. நிறவெறிக்கு எதிராக எடுக்கப்பட்ட அந்தப் படம் ஆபாசம் அல்ல. முழுப் பின்னணியோடும் இன்றைய சமூகத்தின் பார்வையோடும்தான் எதையும் எடைபோட வேண்டும் என்றது தீர்ப்பு.

கோயில் சிற்பத்தில் இல்லாததா? டிவியில் மட்டும் ஏன் தடை?

திருவெண்காட்டில் கிடைத்த, 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிட்சாடனர் செப்புத் திருமேனி தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆடையற்ற கோலம். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. மன்னார்குடி, தீபங்குடி சமணக் கோயில்களின் தீர்த்தங்கரர்களும் அப்படித்தான். ஆபாசப் பொருள் விற்பனையைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 294-ஆம் பிரிவே (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 292) பழம்பெரும் நினைவுச்சின்னங்களிலும் கோயில்களிலும் உள்ள சிற்ப, ஓவியங்களுக்கு விலக்கு தருகிறது. கலை, அறிவியல், கல்விக்காகப் பொதுநலன் கருதி வெளியிடுவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே பிட்சாடனரைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பானால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு நொடி தெரிந்தால்கூடத் தண்டனையா?

நொடிக்கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. 2004 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவில் சூப்பர் பவுல் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடியில் 16-ல் 9 பங்கு நேரமே தெரிந்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் புகார்கள் குவிந்தன. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீதிமன்றம் பின்னர் அந்த அபராதத்தை ரத்து செய்தது. மும்பையில் 2006-ல் ஃபேஷன் வாரத்தில் ஒரு மாடலின் மேலாடை நழுவியபோது விவகாரம் சட்டமன்றம், போலீஸ் விசாரணை வரை போனது. அது விபத்துதான் என்று தெரிந்தது. மாறாக, மேலாடையில்லாத பெண்களைக் காட்டியதற்காக எஃப்டிவி சேனலை 2010 மார்ச்சில் மத்திய அரசு ஒன்பது நாள் நிறுத்திவைத்தது. நழுவியதற்கும் வேண்டுமென்றே காட்டியதற்கும் வித்தியாசம் உண்டு.

'ஏ' சான்றிதழ் படத்தை நள்ளிரவில் போடலாமா?

கூடாது. தணிக்கையில் 'ஏ' வாங்கிய படம், காட்சிகளை நீக்கி டிவிக்கென மறுசான்றிதழ் பெற்றால்தான் ஒளிபரப்பாகும். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளுக்குச் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு விதிகள் கொஞ்சம் இடம் தருகின்றன. ஆனால் ஆபாசத்துக்கு எந்த நேரத்திலும் அனுமதி இல்லை.

புகார் யாரிடம் கொடுப்பது?

முதலில் சேனலிடம். 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, சேனல் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அது 60 நாளில் தீர்க்க வேண்டும். அதற்கும் மேலே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். சேனல் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம் நான்கும் இல்லாத புகார் நிற்காது.

உள்ளூர் கேபிள் சேனலில் வந்தால்?

கேபிள்காரருக்கும் அதே நிகழ்ச்சி விதிகள்தான். மாவட்ட ஆட்சியரும், கும்பகோணம், பட்டுக்கோட்டை போன்ற கோட்டங்களில் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரும் கேபிள் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அந்த ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லலாம்.

"பாருங்க, என்ன கொடுமை" என்று டிவியில் வந்த இப்படி ஒரு காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஆபாசமான காட்சியை மின்னணு வடிவில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில் முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ 66இ பிரிவு பாயும். கண்டிக்கத்தான் அனுப்பினேன் என்பது தப்பிக்க உதவும் என்று நம்பிவிட வேண்டாம். சேனல் ஒரு தடவை காட்டிவிட்டு நகர்ந்ததை ஊர்க் குழுக்கள் மாதக்கணக்கில் ஓட்டுகின்றன. ஆடை நழுவிய ஒரு பெண்ணுக்கு அதிகமாக வலிப்பது இந்த இரண்டாவது ஒளிபரப்புதான். புகாருக்கு வீடியோ தேவையில்லை, தேதியும் நேரமும் போதும்.