திறன்பேசித் தேர்வில் மின்கல நீடிப்பு

திறன்பேசி வாங்குவோர் திரை, ஒளிப்படக்கருவி, செயலி, எடை, விலை ஆகியவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் முதன்மைப் பண்புகளுள் ஒன்று மின்கல நீடிப்பு ஆகும். பெரிய மின்கலம் வைத்தால் பேசியின் எடையும் தடிமனும் கூடும் என்பதால் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேரிடுகிறது.

மின்கலத்தின் கொள்ளளவு மில்லிஆம்பியர் மணி என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. இன்றைய ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் இது 5000 அளவில் உள்ளது. ஆனால் இந்த எண்ணை மட்டும் கொண்டு பேசி எத்தனை மணிநேரம் உழைக்கும் எனக் கூற இயலாது. மின்செலவையும் கணக்கிட வேண்டும். திரையின் ஒளிர்வைக் கூட்டினாலும், 60 எர்ட்சுக்குப் பதிலாக 120 எர்ட்சில் இயக்கினாலும் செலவு உயரும். ஓஎல்இடி திரையில் கருநிறப் படப்புள்ளிகள் ஒளிர்வதில்லை. ஆகவே கரும்பின்னணி சிக்கனமானது. அலைவரிசை வலுவற்ற இடங்களில் கோபுரத்தை எட்ட அதிக ஆற்றல் தேவைப்படுவதால் மின்கலம் விரைவில் தீரும்.

லித்தியம் அயனி மின்கலம் பயன்பாட்டில் தேயக்கூடியது. 800 முழு மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னும் குறைந்தது 80% கொள்ளளவு எஞ்சியிருக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2025 சூன் 20 முதல் நடைமுறையில் உள்ளது. நாளுக்கு ஒரு முழுச் சுழற்சி எனில் இது ஏறத்தாழ 2 ஆண்டுகள் 2 மாதங்கள் ஆகும். எனவே, புதிதாக இருக்கும்போதே மாலை வரை மட்டும் தாங்கும் பேசி, மூன்றாம் ஆண்டில் பிற்பகலிலேயே அணைந்துவிடக்கூடும்.

விரைவு மின்னேற்றம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்; எனினும் அருகில் மின்செருகி இருந்தால்தான் அது உதவும். நாள் முழுவதும் வெளியில் இருப்போர் மின்கலத்திற்கும், மேசையருகே பணிபுரிவோர் பிற வசதிகளுக்கும் முன்னுரிமை அளிப்பது பொருத்தமாகும்.